மைக் முன்னால் ஒரே ஒருவர்

2024 மார்ச் 26, குவாஹாட்டி. சுனில் சேத்ரி இந்தியாவுக்காக ஆடிய 150ஆவது சர்வதேச ஆட்டம் அது. எதிரே ஆப்கானிஸ்தான், உலகத் தரவரிசையில் 158ஆவது இடத்தில் இருந்த அணி. தங்கள் நாட்டுக் கால்பந்து சம்மேளனத்தோடு சண்டை போட்டுக்கொண்ட முன்னணி வீரர்கள் பலர் அந்த அணியில் இல்லை. 38ஆவது நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை சேத்ரி கோலாக்கினார். அரங்கம் அதிர்ந்தது. இடைவேளைக்குப் பிறகு ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கை நழுவியது. 70ஆவது நிமிடத்தில் ஆப்கானிஸ்தான் சமன் செய்தது. 88ஆவது நிமிடத்தில் அவர்களுக்கும் ஒரு பெனால்டி. ஆட்டம் 2-1 என்று முடிந்தபோது, சேத்ரிக்காகக் கைதட்ட வந்த கூட்டம் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாக் வெளியேற வேண்டும் என்று குரல் எழுப்பிக்கொண்டிருந்தது.

ஒன்பது மாதங்களுக்கு முன்பு இதே ஆளை இதே ரசிகர்கள் கொண்டாடியிருந்தார்கள். 2023 ஜூலையில் இந்தியா தரவரிசையில் 99ஆவது இடத்துக்கு ஏறியது. அந்த ஒரே கோடையில் புவனேஸ்வரத்தில் இன்டர்கான்டினென்டல் கோப்பை, பெங்களூரு கண்டீரவா அரங்கில் தெற்காசிய சாம்பியன் பட்டம். அதற்குச் சற்று முன் மார்ச்சில் இம்பாலில் முத்தரப்புக் கோப்பை. அப்படியிருந்த உறவு ஏன் இவ்வளவு வேகமாக முறிந்தது? தோல்வி ஒரு காரணம்தான். ஆனால் இந்தியக் கால்பந்தில் தோல்வி புதிதல்ல. உறவு முறிய வேறு சிலவும் சேர்ந்தன. அவற்றில் பாதி ஸ்டிமாக்கே தேடிக்கொண்டவை. மீதிப் பாதிக்குப் பொறுப்பானவர்கள் ரசிகர் முன்னால் வந்து நின்றதே இல்லை.

ஸ்டிமாக் சாதாரண ஆள் இல்லை. 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த குரோஷிய அணியின் தற்காப்பு வீரர். இங்கிலாந்தில் டெர்பி கவுண்டி, வெஸ்ட் ஹாம் அணிகளுக்கு ஆடியவர். பிறகு குரோஷியாவுக்கே பயிற்சியாளர். 2019 மே மாதம் இந்திய அணிப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. நான்கே மாதத்தில், செப்டம்பர் 10 அன்று, தோஹாவில் அப்போதைய ஆசிய சாம்பியன் கத்தாரோடு 0-0. காய்ச்சலால் சேத்ரி ஆடாத அந்த இரவில் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பந்துகளைத் தடுத்துத் தள்ளியது இந்தியக் கால்பந்து பார்ப்பவர்களுக்கு இன்றும் மறக்கவில்லை. அடுத்த மாதம் கொல்கத்தா சால்ட் லேக்கில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரண்டு வந்தார்கள். எதிரணி வங்கதேசம். 88ஆவது நிமிடத்தில் ஆதில் கான் தலையால் முட்டிய கோலால்தான் இந்தியா 1-1 என்று தப்பியது. ஏறக்குறைய ஒரு மாத இடைவெளியில் பெருமையும் ஏமாற்றமும். அடுத்த ஐந்து ஆண்டுகளும் ஏறக்குறைய இப்படியே நகர்ந்தன.

அவர் பேச்சையும் நடத்தையையும் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2023 ஜூன் 21, பெங்களூரு, தெற்காசியப் போட்டியில் பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டம். இந்தியா 2-0 என்று முன்னிலையில் இருக்கிறது. முதல் பாதி முடியப் போகிறது. எல்லைக்கோட்டருகே பாகிஸ்தான் வீரர் ஒருவர் த்ரோ-இன் எறியப் பந்தைக் கையில் எடுக்கிறார். பின்னாலிருந்து வந்த ஸ்டிமாக் அந்தப் பந்தைத் தட்டிவிடுகிறார். உடனே தள்ளுமுள்ளு, அவருக்குச் சிவப்பு அட்டை. ஆட்டத்தை இந்தியா 4-0 என்று வென்றது, சேத்ரி ஹாட்ரிக் அடித்தார். மறுநாள் பேச்செல்லாம் பயிற்சியாளரைப் பற்றி. ஆறே நாளில் குவைத்துக்கு எதிராக நடுவரோடு வாக்குவாதம், இன்னொரு சிவப்பு அட்டை. தடை விழுந்தது. அணி பெனால்டி ஷூட்-அவுட்டில் கோப்பை வென்ற ஜூலை 4 அன்று அவர் பயிற்சியாளர் இருக்கையில் இல்லை.

ரசிகர்களில் ஒரு பகுதிக்கு இது பிடித்திருந்தது. நம் அணிக்காகச் சண்டை போடும் ஆள் என்றார்கள். ஸ்டிமாக்கும் தன்னைப் போராளி என்றே சொல்லிக்கொண்டார். ஜெயிக்கும்வரை கோபக்காரர் வீரர். தோற்கத் தொடங்கினால் அதே கோபம் குற்றப் பட்டியலில் சேர்ந்துவிடும். பயிற்சியாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி அவருக்கும் தெரியாமல் இருந்திருக்காது.

கோப்பை வென்ற இரண்டு மாதத்தில் பத்திரிகை உலகத்தோடு இருந்த உறவும் கெட்டது. 2023 செப்டம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. 2022 ஜூனில் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று நடந்தபோது, ஆடப்போகும் வீரர்களின் பெயர்களை ஸ்டிமாக் ஒரு ஜோதிடருக்கு அனுப்பி, யாருக்கு நாள் நன்றாக இருக்கிறது என்று கேட்டிருந்தார் என்பது அதன் சாரம். ஜோதிடரை அறிமுகப்படுத்தியவர் இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் அப்போதைய பொதுச் செயலாளர் என்றும் அது சொன்னது. அந்தத் தகுதிச் சுற்றில் இந்தியா கம்போடியா, ஆப்கானிஸ்தான், ஹாங்காங் மூன்றையும் வென்றிருந்தது. இருந்தாலும் ஒரு வீரர் தன் இடம் தன் காலில் இருக்கிறதா, ஜாதகத்தில் இருக்கிறதா என்று யோசிக்க வேண்டிய நிலை வந்தால், அதை எந்த வெற்றியாலும் ஈடுகட்ட முடியாது. ஸ்டிமாக் சமூக ஊடகத்தில் எழுதிய பதில், எல்லாவற்றையும் வெட்டவெளிச்சமாக்கும் நேரம் வந்துவிட்டது என்ற பொருளில் இருந்தது. மக்கள் எதிர்பார்த்த தெளிவான விளக்கம் வரவில்லை. நம்பிக்கையில் முதல் பெரிய விரிசல் அங்கேதான் விழுந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது மறுபக்கம். அதே செப்டம்பரில் ஹாங்ஜோவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஆசியாவில் முதல் எட்டு இடங்களுக்குள் இருக்கும் அணியை மட்டுமே அனுப்புவது என்ற விளையாட்டு அமைச்சகத்தின் விதிப்படி கால்பந்து அணி போகவே முடியாது. ஸ்டிமாக் பிரதமருக்கே வெளிப்படையாகக் கடிதம் எழுதிக் கெஞ்சினார். விதி தளர்த்தப்பட்டது. ஆனால் செப்டம்பர் 21 அன்று இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்க இருந்ததால் கிளப்புகள் வீரர்களை விட மனமில்லாமல் இழுத்தடித்தன. கடைசி நேரத்தில் அரைகுறையாகச் சேர்ந்த அணி, முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள் சீனாவில் இறங்கியது. ஒன்றாகப் பயிற்சி எடுக்க நேரமே இல்லை. 19ஆம் தேதி சீனாவிடம் 5-1 என்று தோற்றது. அதற்குப் பிறகும் அந்தப் பையன்கள் வங்கதேசத்தை வென்று, மியான்மரோடு சமன் செய்து, அடுத்த சுற்றுக்குப் போனார்கள் என்பது பாராட்ட வேண்டிய விஷயம். அங்கே சவுதி அரேபியாவிடம் 2-0 தோல்வி.

ஆசியக் கோப்பையிலும் இதே கதை. முதல் ஆட்டம் 2024 ஜனவரி 13, கத்தாரில். டிசம்பர் கடைசி வாரம்வரை ஐ.எஸ்.எல். ஆட்டங்கள் நடந்தன. நீண்ட முகாம் வேண்டும் என்று ஸ்டிமாக் பலமுறை கேட்டார். கிடைத்தது சுமார் இரண்டு வாரம். 2011 ஆசியக் கோப்பைக்கு முன் அப்போதைய பயிற்சியாளர் பாப் ஹௌட்டனுக்கு மாதக்கணக்கில் வீரர்களை விட்டுக்கொடுத்த நாடு இது. ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1 என்று மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. 2019 ஆசியக் கோப்பையில் முதல் ஆட்டத்திலேயே தாய்லாந்துக்கு எதிராக நான்கு கோல் போட்ட அணி. பிப்ரவரியில் தரவரிசை 117.

கோல் ஏன் விழவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் பயிற்சியாளர் அறையைத் தாண்டி வெகுதூரம் போக வேண்டும். 2014இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது ஓர் அணியின் பதினொரு பேரில் ஆறு பேர்வரை வெளிநாட்டவர் ஆடலாம். பிறகு ஐந்து ஆனது; 2021-22இலிருந்து நான்கு. கிளப்புகள் அந்த இடங்களை எதற்குச் செலவிடும்? முன்களத்துக்கும் நடுக்களத்துக்கும்தான். கோல் போடும் வேலை வெளிநாட்டு வீரருக்கு, பந்தை மீட்டுக் கொடுக்கும் வேலை உள்ளூர்ப் பையனுக்கு. இப்படிப் பத்து ஆண்டு போனபிறகு தேசிய அணிக்கு முன்கள வீரர் வேண்டும் என்றால், நாற்பதை நெருங்கிய சேத்ரியைத்தான் மறுபடி மறுபடி பார்க்க வேண்டியிருந்தது.

அடிமட்டம் இன்னும் மோசம். செஞ்சிப் பக்கம், சீயமங்கலம் போன்ற ஊர்களில் சாயங்கால வேளையில் பிள்ளைகள் ஆடுவது கிரிக்கெட், கபடி, வாலிபால். கால்பந்தில் ஆர்வமுள்ள பையனுக்கு ஊரில் லீக் கிடையாது, வாராவாரம் ஆட்டம் கிடையாது. பள்ளி விளையாட்டுப் போட்டியோடு சரி. சென்னையிலிருந்து போய் 2023இல் ஸ்டிமாக்கின் கீழ் இந்தியச் சட்டை போட்ட நந்தகுமார் சேகர் போன்றவர்கள் அபூர்வமானவர்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் கொல்கத்தா டெர்பியில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்து ஒரு நகரத்தையே ஆட வைத்தவர் அவர். எத்தனை மாவட்டங்களிலிருந்து அப்படி ஒரு நந்தகுமார் வர முடியாமல் போனார் என்று குவாஹாட்டியில் யாரும் கோஷம் போடவில்லை. போட்டிருந்தாலும் யாரைப் பார்த்துப் போடுவது?

தேசிய அணி தோற்ற அன்று மைக் முன்னால் வந்து உட்கார வேண்டியவர் பயிற்சியாளர். அது அவர் வேலை ஒப்பந்தத்திலேயே வரும் கடமை. ஆட்ட அட்டவணை போட்டவர் அங்கே வருவதில்லை. வீரரை அனுப்பாத கிளப்பின் நிர்வாகி வருவதில்லை. மாவட்ட லீக்கை நடத்தாமல் விட்ட சங்கத்தாரை யாருக்கும் அடையாளமே தெரியாது. நிருபர்களிடம் உள்ள எல்லாக் கேள்விகளும் கையில் கிடைத்த ஒரே மனிதரிடம் போகின்றன. அவரும் மனிதர்தானே, ஒருநாள் முகாம் கிடைக்கவில்லை என்கிறார், மறுநாள் நடுவர் சரியில்லை என்கிறார். கேட்கும் ரசிகருக்கு எல்லாமே சாக்குப்போக்காகத்தான் படும். சில சமயம் சாக்குதான். சில சமயம் முழு உண்மை. இரண்டும் ஒரே வாயிலிருந்து வருவதால் பிரித்துப் பார்ப்பது கஷ்டமாகிவிடுகிறது.

ரசிகர்கள் மீது பழி போட எனக்கு மனம் வரவில்லை. 2018 ஜூன் 1 அன்று மும்பையில் இந்தியா சீன தைபேயை 5-0 என்று வென்றது. அரங்கில் இருந்தவர்கள் 2,569 பேர். அடுத்த நாள் சேத்ரி ஒரு காணொளி வெளியிட்டார். எங்களைத் திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் அரங்கத்துக்கு வந்து செய்யுங்கள் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார். இரண்டு நாள் கழித்து கென்யாவோடு நடந்த ஆட்டத்துக்கு டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. வரச் சொல்லித்தான் வந்தார்கள். குவாஹாட்டியில் கத்தியவர்களும் அந்த அழைப்பை ஏற்று வந்தவர்கள்தான். காசு கொடுத்து, பஸ் பிடித்து வந்து, கத்தி, தொண்டை கட்டி வீடு திரும்பும் ஆட்கள் இருப்பது இந்த நாட்டில் கால்பந்துக்குக் கிடைத்த சொத்து.

கத்தி என்ன ஆகிவிடப் போகிறது, ஆளை மாற்றினால் அணி மாறிவிடுமா என்று கேட்கலாம். சில நேரம் மாறும். அதற்குச் சென்னையே சாட்சி. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு எஃப்.சி.யை அதன் சொந்த மண்ணில் 3-2 என்று வீழ்த்தி இரண்டாவது முறை சாம்பியனான சென்னையின் எஃப்.சி.க்கு ஜான் கிரெகரி பயிற்சியாளர். அடுத்த பருவத்திலேயே அதே அணி, அதே கிரெகரி, பதினெட்டு ஆட்டத்தில் ஒன்பதே புள்ளி, பத்து அணிகளில் கடைசி இடம். நிர்வாகம் பொறுத்துக்கொண்டது. 2019-20 தொடங்கியது. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது ஆட்டத்தில்தான், ஹைதராபாத்துக்கு எதிராக, காயம்பட்ட நேரத்துக்காகச் சேர்த்த நிமிடங்களில் கோல் கண்ணில் பட்டது. ஆறாவது ஆட்டத்துக்குப் பின் கிரெகரி விலகினார்.

டிசம்பரில் ஓவன் கோயில் வந்தார். அதே வீரர்கள். முன்கள வீரர் வால்ஸ்கிஸ் கோலாகப் போட்டுத் தள்ளி 15 கோலோடு தங்கக் காலணி வாங்கினார். ஆறு ஆட்டத்தில் ஐந்து புள்ளி எடுத்திருந்த அணி 29 புள்ளியோடு நான்காவதாக வந்தது. அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டக் கணக்கில் 6-5 என்று தாண்டி இறுதிக்குப் போனது. கொரோனாவால் 2020 மார்ச் 14 அன்று ஆளில்லாத அரங்கில் நடந்த அந்த இறுதியில் ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றாலும், சென்னை ரசிகர்கள் கோயிலைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அதே கோயில் 2023இல் திரும்பி வந்தார். 2024-25இல் பதின்மூன்று அணிகளில் பதினோராவது இடம். முன்பு செய்த அற்புதம் இந்த முறை கைகூடவில்லை.

கிளப்பில் பயிற்சியாளர் தினமும் வீரர்களோடு இருக்கிறார். வாரம் ஓர் ஆட்டம். தவறைத் திருத்த அடுத்த சனிக்கிழமை இருக்கிறது. ஆள் மாறினால் பலன் தெரியவும் வாய்ப்பு உண்டு. தேசிய அணியில் அவருக்குக் கிடைப்பது ஆண்டுக்குச் சில வாரங்கள். அங்கே ஆளை மாற்றுவதால் வரும் பலன் குறைவு. ஸ்டிமாக்குக்குப் பின் வந்தவர்களின் கணக்கைப் பார்த்தால் இது புரியும்.

அதற்கு முன் ஸ்டிமாக்கின் முடிவு. ஆப்கானிஸ்தான் ஆட்டத்துக்கு முன்பே, உலகக் கோப்பைத் தகுதியின் மூன்றாம் சுற்றுக்கு அணியைக் கொண்டுபோகாவிட்டால் விலகிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். ஜூன் 6 அன்று சேத்ரியின் வழியனுப்பு ஆட்டத்தில் குவைத்தோடு 0-0. ஜூன் 11, தோஹா, எதிரே கத்தார். 37ஆவது நிமிடத்தில் லாலியன்சுவாலா சாங்டே கோல் அடித்தார். அப்படியே முடிந்திருந்தால் இந்தியா முதன்முறையாக மூன்றாம் சுற்றுக்குப் போயிருக்கும். 73ஆவது நிமிடத்தில் கோல்கோட்டருகே, எல்லைக்கு வெளியே போன பந்தைக் கத்தார் வீரர் உள்ளே இழுத்துவிட, யூசுஃப் ஐமன் அதை வலைக்குள் தள்ளினார். பந்து வெளியே போனது தொலைக்காட்சியில் பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. அந்த ஆட்டத்தில் காணொளி நடுவர் வசதி இல்லை. கோல் நின்றது. 85ஆவது நிமிடத்தில் இன்னொன்று. 2-1.

அநியாயம்தான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சொன்ன சொல் ஒன்று இருந்தது. ராஜினாமா வரவில்லை, 17ஆம் தேதி சம்மேளனமே அவரை நீக்கியது. 2023 அக்டோபரில் 2026 ஜூன்வரை ஒப்பந்தத்தை நீட்டித்ததும் இதே சம்மேளனம்தான். நீக்கப்பட்ட சில நாளில் இணையவழியாகப் பத்திரிகையாளர்களைச் சந்தித்த ஸ்டிமாக், சம்மேளனத் தலைவர் கல்யாண் சௌபே எவ்வளவு சீக்கிரம் போகிறாரோ அவ்வளவு நல்லது என்றார். மன அழுத்தத்தால் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது என்றும் சொன்னார். சம்மேளனம் குற்றச்சாட்டுகளை மறுத்து அறிக்கை விட்டது. இழப்பீட்டுத் தகராறு கடைசியில் சுமார் 4 லட்சம் டாலரில் தீர்ந்ததாகச் செய்தி வந்தது. 53 ஆட்டம், 19 வெற்றி, 14 சமன், 20 தோல்வி, நான்கு கோப்பை. அவர் போக வேண்டிய நேரம் வந்திருந்தது என்பதே என் கருத்து. 2019 ஜனவரியில் பஹ்ரைனிடம் கடைசி நேரப் பெனால்டியில் தோற்ற அன்றே, அதே பத்திரிகையாளர் சந்திப்பில் பொறுப்பை விட்ட முந்தைய பயிற்சியாளர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைனை அந்த நாட்களில் பலர் நினைத்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது.

அடுத்து மனோலோ மார்க்கெஸ். ஸ்பெயின்காரர், எஃப்.சி. கோவாவுக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரத்தில் பயிற்சியாளர். எட்டு ஆட்டத்தில் ஒரே வெற்றி, அதுவும் மாலத்தீவுக்கு எதிராக. ஓய்வு பெற்ற சேத்ரியை 2025 மார்ச்சில் திரும்ப அழைக்க வேண்டிவந்தது. அந்த மாதம் ஷில்லாங்கில் வங்கதேசத்தோடு 0-0 முடிந்ததும் மார்க்கெஸ் தன் கோபத்தை மறைக்கவே இல்லை. ஜூலையில் அவரும் கிளம்பினார்.

ஆகஸ்ட்டில் காலித் ஜமீல் வந்தார். பதின்மூன்று ஆண்டுக்குப் பிறகு முழுநேரப் பொறுப்பேற்ற இந்தியர். தஜிகிஸ்தானில் நடந்த போட்டியில் ஓமனைப் பெனால்டியில் வென்று மூன்றாம் இடம். பத்திரிகைகள் புகழ்ந்தன. அக்டோபர் 14 அன்று மட்காவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்றதும் 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு போனது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடமும் தோல்வி. அவர்கள் இந்தியாவை வென்று இருபது ஆண்டுக்கு மேலாகியிருந்தது.

காலித் அதிகம் பேசாதவர். கத்தவும் மாட்டார், கடிதமும் எழுத மாட்டார். அவர் பொறுப்பேற்ற அதே மாதத்தில், ஐ.எஸ்.எல். நடத்தும் உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் பருவம் எப்போது தொடங்கும் என்றே தெரியாமல் சென்னையின் எஃப்.சி. தன் முதன்மை அணியின் செயல்பாடுகளை நிறுத்தி வைத்தது. பெங்களூருவும் ஒடிசாவும் அப்படியே. மாதக்கணக்கில் லீக் ஆட்டமே ஆடாத வீரர்களை வைத்துக்கொண்டுதான் அவர் சிங்கப்பூரையும் வங்கதேசத்தையும் சந்தித்தார். தோற்ற பிறகு மைக் முன்னால் வந்து உட்கார்ந்தவரும் அவர்தான்.